கொக்கு தலையில் வெண்ணெய் வேண்டாம்

கேமராவை ஆட்டோவில் விட்டால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவரா நீங்க? அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வெள்ளைக் கொக்கு போதும். காலை எட்டரை மணி, மேகம் இல்லாத நாள், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்று வைத்துக்கொள்வோம்.

கொக்கு முதலில் வெயிலில் நிற்கிறது. அதற்குப் பின்னால் மர நிழல் விழுந்த இருட்டுத் தண்ணீர். கிளிக். படத்தில் தண்ணீரும் செடியும் அழகாகத் தெரியும். கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், கொக்கு வடிவத்தில் வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகிதம் இருக்கும். அடுத்து அது எழுந்து வெளிறிய வானத்துக்கு எதிரே பறக்கிறது. கிளிக். இப்போது அது கிட்டத்தட்ட காக்கா. மூன்றாவதாக, நம்ம பக்கத்துக் கரையிலேயே வந்து இறங்கி ஃபிரேம் முழுக்க நிறைகிறது. கிளிக். பத்து தடவை ஆற்றுத் தண்ணீரில் துவைத்த வேட்டி மாதிரி ஒரு அழுக்குச் சாம்பல்.

இந்த மூன்று படத்துக்கும் நடுவில் சூரியன் நகரவில்லை. கொக்கின் நிறம் மாறவில்லை. ஆனால் கேமரா மூன்று வேறு வேறு பதில் சொல்கிறது. ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்கிறவரை வைவாவில் என்ன செய்வாங்க என்று உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான்: நீர்ப்பறவையைப் படம் எடுக்கும்போது எக்ஸ்போஷரை முடிவு செய்ய வேண்டியது நீங்க. அதுவும் பறவை வருவதற்கு முன்னாலேயே. எந்த லென்ஸ், எந்த மாடல் என்று கேன்டீனில் நாம் பேசுகிற பேச்சில் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும். படம் அழகாக வருவது ஒரு காரணம்தான். அந்தப் பறவையைப் பற்றி உங்கள் படம் உண்மை சொல்கிறதா, இல்லையா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பறவையின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளப்பதில்லை. பறவை, தண்ணீர், வானம், புல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்றுதான் அளக்கிறது. பிறகு ஒரு அனுமானம் செய்கிறது: எதிரே இருக்கும் காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல். ஃபிலிம் காலத்திலிருந்து இதற்குச் சொல்லிவரும் கணக்கு 18 சதவீதம். அதாவது, விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் அட்டை.

ஹாஸ்டல் குரூப் போட்டோவுக்கு இந்த அனுமானம் நன்றாகவே வேலை செய்யும். சட்டை, முகம், சுவர், மரம் எல்லாம் கலந்து சராசரி அங்கேதான் வந்து நிற்கும். நீர்ப்பறவைகள் இந்தச் சராசரிக்கு அடங்குவதில்லை. நல்ல வெள்ளைப் பரப்பு 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். 18-ஐ ஐந்தால் பெருக்கினால் 90. இரண்டின் அடுக்கில் சொன்னால் சுமார் 2.3 ஸ்டாப். இன்னொரு பக்கம் நீர்க்காகம், நாமக்கோழி மாதிரி கறுப்புப் பறவைகள். அவை திருப்பி அனுப்புவது மிகக் கொஞ்சம். இவற்றோடு பளபளக்கும் தண்ணீரும், கொளுத்தும் வானமும் ஒரே ஃபிரேமில் வந்துவிடும்.

இப்போது அந்த மூன்று படத்தையும் திரும்பப் பாருங்க. முதல் படத்தில் ஃபிரேமின் பெரும்பகுதி இருட்டுத் தண்ணீர். "ரொம்ப இருட்டா இருக்கே" என்று மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டியது; கொக்கு எரிந்துபோனது. இரண்டாவதில் பெரும்பகுதி வானம். மீட்டர் குறைத்தது, கொக்கு கறுத்தது. மூன்றாவதில் கொக்கே பெரும்பகுதி. மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கியது. மூன்று தடவையும் மீட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. கொக்கைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"வெள்ளைப் பறவைக்கு பிளஸ் வை" என்று ஒரு யூடியூப் வீடியோ சொல்லும். "மைனஸ் வை" என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் பார்த்துக் குழம்பியவர்கள் நம்மில் நிறைய பேர். ஃபிரேம் நிறைந்த கொக்குக்கு பிளஸ். இருட்டுப் பின்னணியில் சின்னதாக நிற்கும் கொக்குக்கு மைனஸ். பின்னணி என்ன என்று சொல்லாமல் சொன்ன எந்த அறிவுரையும் பாதி அறிவுரைதான்.

தலை வெட்டப்பட்ட சைன் வேவ்

லேபில் ஆம்ப்ளிஃபையர் எக்ஸ்பெரிமென்ட் செய்திருப்பீங்க. கெயினைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிஆர்ஓ திரையில் சைன் வேவின் தலை தட்டையாகிவிடும். சப்ளை வோல்டேஜுக்கு மேல் அவுட்புட் போகாது. அப்படித் தட்டையான பிறகு, மேலே எவ்வளவு உயரம் இருந்தது என்று எந்த ஃபில்டரை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தகவல் பதிவாகவே இல்லை.

கேமரா சென்சாரிலும் இதே கதைதான். 14 பிட் ரா ஃபைல் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிகள். பூஜ்ஜியத்திலிருந்து 16,383 வரை. கொக்கின் தோளில் ஒரு இறகுக்கு 18,000 வர வேண்டும், பக்கத்து இறகுக்கு 20,000, அதற்கடுத்ததற்கு 22,000 என்று வைத்துக்கொள்ளுங்க. மூன்றுமே 16,383 என்று பதிவாகும். மூன்று இறகுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்தான் இறகு. வித்தியாசம் போனால் இறகும் போச்சு. லைட்ரூமில் ஹைலைட் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும், தட்டையான வெள்ளை தட்டையான சாம்பலாக மாறும், இறகு வராது.

இருட்டுப் பக்கம் இவ்வளவு மோசம் இல்லை. கொஞ்சம் இருட்டாக எடுத்த ரா ஃபைலில் நிழல் பகுதியைத் தூக்கினால் நாய்ஸ் வரும், நிறம் கொஞ்சம் கெடும்; ஆனால் அங்கே ஏதோ ஒன்று பதிவாகி இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் இரண்டு ஸ்டாப் இருட்டாக எடுக்கச் சொல்லவில்லை. சென்சாரின் படிகளில் மேல் பாதி முழுவதும், அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடுகின்றன. அந்த இடத்தைக் காலியாக விட்டால் அதுவும் நஷ்டம். வெள்ளையைக் கூரைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய், முட்டாமல் நிறுத்துவதுதான் வேலை.

கொக்கைப் பிடிக்க அதன் தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைக்கும் வரை காத்திருந்தவன் கதை நமக்குத் தெரியும். வெண்ணெய் வைக்கிற அளவுக்குக் கிட்டே போனவன் அப்போதே பிடித்திருக்கலாமே என்பதுதான் அதில் வரும் கேலி. "இப்போ எடுத்துடலாம், அப்புறம் எடிட்ல பார்த்துக்கலாம்" என்பதும் அதே வெண்ணெய்தான். கையில் டயல் இருக்கிறது. கொக்கும் எதிரே நிற்கிறது.

எரிந்த வெள்ளையில் காணாமல் போவது என்ன?

"இறகு தெரியலைன்னா என்ன மச்சி, கொக்குன்னு தெரியுதே?" இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம். எந்தக் கொக்கு?

நம்ம ஊர் ஏரியில் முழு வெள்ளையாக நிற்கும் கொக்கு மட்டும் நாலு வகை இருக்கலாம். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு குட்டையானது, இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த மண் நிறமாகும். நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும்தான் உண்மையான குழப்பம். வாய்ப் பிளவின் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அந்தக் கோடு ஒரு நூல் அளவுதான். அது இருக்கும் இடமோ, படத்தில் முதலில் எரியும் வெள்ளை முகத்தை ஒட்டி. கண்ணுக்கு முன்னால் இருக்கும் தோலின் நிறமும் பருவத்துக்குப் பருவம் மாறும். பெரிய கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் அது பச்சை கலந்து வரும். மஞ்சள் அலகு எரிந்தால் சிவப்பும் பச்சையும் கூரையில் முட்டி, நீலம் மட்டும் ஏறிக்கொண்டே போய், அலகே வெளிறிவிடும். அதற்கப்புறம் அந்தப் படத்தை வைத்து வகை சொல்வது வெறும் யூகம்.

இனப்பெருக்கக் காலத்தில் சின்னக் கொக்கின் முதுகில் மெல்லிய சல்லா மாதிரி தொங்கும் அலங்கார இறகுகளையும் நினைத்துப் பாருங்க. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா, அமெரிக்காவில் பெண்கள் தொப்பியில் செருகுவதற்காக இந்த இறகுக்கென்றே கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அதை எதிர்த்து 1889-ல் இங்கிலாந்தில் பெண்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் இன்று பெரிதாக வளர்ந்து நிற்கும் ஆர்எஸ்பிபி. ஒரு காலத்தில் உயிரையே வாங்கிய இறகு, நம்ம படத்தில் 16,383 என்ற ஒரே எண்ணாகக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் பாருங்க. ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரிகளும் கலந்துகொள்கின்றன. பட்டியல்கள் எல்லாம் இ-பேர்ட் தளத்தில் ஏறுகின்றன. அங்கே ஒரு அபூர்வப் பறவையைப் பார்த்ததாகப் பதிவு போட்டால், சரிபார்ப்பவர் முதலில் கேட்பது படம் இருக்கிறதா என்றுதான். அந்த நேரத்தில் உங்கள் படம் சாட்சி. சாட்சி முகம் தெரியாமல் நின்றால் வழக்கு நிற்காது.

இதே காரணத்துக்காகத்தான் ஏஐ வைத்து "மீட்டெடுக்கும்" வேலையைப் பார்த்து எனக்குப் பயம். நாய்ஸ் குறைக்க அதைப் பயன்படுத்துவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. எரிந்த இடத்தில் இறகு வரையச் சொல்வது வேறு. அது இதுவரை பார்த்த ஆயிரம் கொக்குகளின் இறகை வைத்து ஒரு இறகு வரைந்து தரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அன்றைக்குக் காலையில் உங்கள் முன்னால் நின்ற கொக்கின் இறகு அது இல்லை. ரீடிங் வராத எக்ஸ்பெரிமென்டுக்கு சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எண் நிரப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெளிச்சத்துக்கு செட் பண்ணுங்க, பறவைக்கு வேண்டாம்

வழி ரொம்ப சுலபம். வெளிச்சம் மாறாத வரை எக்ஸ்போஷர் மாறக்கூடாது. ஆகவே மேனுவல் மோடு.

முதலில் கையில் மீட்டரே இல்லாத காலத்துக் கணக்கு ஒன்று: சன்னி 16. பளிச்சென்ற வெயிலில் அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓ-வின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 செகண்ட். பறவைக்கு அந்த ஸ்பீடு போதாது. எனவே அபர்ச்சரை இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8-க்கு வாங்க, ஷட்டர் 1/1600 ஆகிவிடும். எதிரே இருப்பது வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு என்றால் இன்னும் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து 1/2000 அல்லது 1/2500. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. சூரியன் கீழே இருக்கும் அதிகாலையில் வெளிச்சம் இதைவிடக் குறைவு. அங்கே ஐஎஸ்ஓ-வைக் கூட்ட வேண்டும்.

இது தொடக்கப்புள்ளி மட்டும்தான். ஏரிக்குப் போனதும் முதல் ஐந்து நிமிஷம் பறவையைத் துரத்தாதீங்க. வெயிலில் நிற்கும் ஏதாவது ஒரு வெள்ளைப் பறவையை, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுங்க. ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்து வைத்திருந்தால் எரிந்த இடம் திரையில் கண் சிமிட்டும். சிமிட்டினால் ஷட்டரை ஒரு கிளிக் கூட்டுங்க. சிமிட்டவில்லை என்றால் சிமிட்டும் வரை ஒவ்வொரு கிளிக்காகக் குறைத்து, பிறகு ஒரு கிளிக் திரும்பி வாங்க. அவ்வளவுதான், அன்றைய வெயிலுக்கு எக்ஸ்போஷர் கிடைத்துவிட்டது. இனி அதே வெயிலில், அதே திசையில் எந்தப் பறவை வந்தாலும், பின்னணி தண்ணீரோ வானமோ, டயலைத் தொட வேண்டாம்.

ஹிஸ்டோகிராமைப் பார்க்கலாமே என்றால், பாருங்க. ஆனால் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். தூரத்துக் கொக்கு படத்தில் இரண்டு மூன்று சதவீதப் பிக்சல்தான். வலது ஓரத்தில் அது முட்டுவது ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், கண்ணிலேயே படாது. அடுத்தது, சூரியன் உதித்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சமே செம்மஞ்சள். சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பும். பிரகாசத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் "எல்லாம் சரி" என்று சொல்லும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு முட்டி நிற்கும். பூநாரை, மஞ்சள் மூக்கு நாரையின் பின்பக்க ரோஸ் இறகு இவையெல்லாம் இப்படித்தான் பாழாகும்.

இந்த முறையின் அருமை தெரிய வேண்டுமென்றால் மடையானைப் பாருங்க. கரையில் உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். பக்கத்தில் போகும் வரை அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. எழுந்து பறக்கும் நொடியில் இறக்கை முழுக்கத் தூய வெள்ளை. உட்கார்ந்த மடையானைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றி வைத்தவருக்குப் பறந்த படத்தில் இறக்கை எரிந்து போயிருக்கும். வெள்ளைக்கு முன்கூட்டியே செட் செய்தவருக்கு இரண்டு படமும் கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று ஒரே உடம்பில் கறுப்பும் வெள்ளையும் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் இதே விதி: வெள்ளையைக் காப்பாற்றுங்க, கறுப்பை எடிட்டில் தூக்கலாம். ஃபிரேமில் வெள்ளையே இல்லாமல் நீர்க்காகம் மட்டும் தனியாக இறக்கை விரித்துக் காய்கிறது என்றால், ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள்ளலாம்.

மேகம் மறைத்தால், நிழலுக்குள் பறவை போனால், நீங்க சூரியனுக்கு எதிர்த்திசையில் திரும்பினால் வெளிச்சம் மாறிவிட்டது என்று அர்த்தம். மறுபடி அளக்க வேண்டும். மேனுவல் மோடில் வைத்து ஐஎஸ்ஓ-வை மட்டும் ஆட்டோவில் விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்போது முடிவு எடுப்பது பழையபடி மீட்டர்தான். பழைய மூன்று பதிலும் திரும்ப வரும்.

நீங்க கேட்கப்போகும் கேள்விகள்

"ரா-வில் எடுத்தால் கொஞ்சம் இடம் இருக்கிறதே?" உண்மைதான். திரையில் சிமிட்டுவது கேமரா உள்ளே தயாரிக்கும் ஜேபெக்கை வைத்து. ரா ஃபைலில் அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். உங்கள் கேமராவில் அது எவ்வளவு என்று வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைத் துண்டு காயும்போது அளந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்க. அளந்து தெரிந்துகொண்ட இடத்தைப் பயன்படுத்துவது இன்ஜினியரிங். இருக்கும் என்ற நம்பிக்கையில் எடுப்பது சூதாட்டம்.

"புது மிரர்லெஸ் கேமரா பறவையின் கண்ணையே கண்டுபிடிக்கிறதே?" கண்டுபிடிக்கிறது, ஃபோகஸ் செய்கிறது, அது பெரிய வரம். ஹைலைட்டைக் காப்பாற்றும் மீட்டரிங் மோடும் சில கேமராக்களில் உண்டு. இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்க. அது என்ன செய்கிறது என்று புரிந்து பயன்படுத்துகிறவர், அது தடுமாறும் இடத்தில் டயலைத் திருப்புவார். புரியாதவர் படம் வந்த பிறகு புலம்புவார்.

"என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு." அதிலும் பாதி வேலை முடியும். பெரும்பாலான போன்களில் திரையில் பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் அங்கேயே லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். கொக்கின் உடம்பில் கொஞ்சம் நிழலும் மடிப்பும் தெரியும் வரை இழுங்க. முழு ஜூம் போகாதீங்க. ஒரு எல்லைக்கு மேல் போன் காட்டுவது அதன் கற்பனை. ஏரி, பனைமரம், நடுவில் சின்னதாக ஒரு கொக்கு, அந்தக் கொக்கு உண்மையான வெள்ளையில். நல்ல படம் அது.

கிட்டே போவது பதில் இல்லை

கடைசியாக ஒன்று. எக்ஸ்போஷர் சரியாக வராதபோது நம்ம ஆட்கள் செய்வது, இன்னும் பத்து அடி கிட்டே போவது. படம் சுமாராக இருந்ததற்கு தூரம்தான் காரணம் என்று நினைப்பது. பல நேரம் காரணம் தூரம் இல்லை. எரிந்த வெள்ளை, உச்சி வெயில். கொளுத்தும் பதினொரு மணிக்கு இருபது அடியில் எடுத்த கொக்கைவிட, ஏழரை மணிக்கு நூறு அடியில் சரியாக எடுத்த கொக்கு எப்போதும் நன்றாக இருக்கும். எக்ஸ்போஷர் கற்றுக்கொள்ள லென்ஸ் காசு வேண்டாம். கற்றுக்கொண்டால், பறவையைத் தொந்தரவு செய்ய வேண்டிய தேவையும் குறையும்.

கூடு இருக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை. தாய்ப் பறவை எழுந்து போன சில நிமிஷங்களில் முட்டையும் குஞ்சும் நேர் வெயிலில் கிடக்கும். காக்கா பார்த்துக்கொண்டே இருக்கும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை "வேட்டை" என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கையில் துப்பாக்கி இல்லாமல் கேமரா இருந்தாலும் சட்டத்துக்கு அது அதே சொல்தான்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். பெரிய நிறுவனம் எதுவும் இல்லாத காலத்திலேயே பறவைகளைக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் சுட்டுப் பிடித்தபோது எதிர்ப்புச் சொல்லி, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2022-ல் வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் ராம்சார் பட்டியலில் ஏறின. பட்டியலுக்கு வெகு காலம் முன்பே தீபாவளியை விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கும் ஊரில், ஒரு ரீலுக்காகக் கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிடுகிறவரை என்ன சொல்வது?

நம்ம கல்லூரி போட்டோகிராஃபி கிளப்களுக்கு என்னிடம் மூன்று கோரிக்கை உண்டு. சிம்போசியம் போட்டியில் பறவைப் படங்களுக்கு எடிட் செய்யாத அசல் ஃபைலையும் சேர்த்து வாங்குங்க. கூடு, முட்டை, குஞ்சுப் படங்களைப் போட்டியில் எடுத்துக்கொள்ளாதீங்க. மதிப்பெண் போடும்போது பறவை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதன் வெள்ளையில் இறகு இருக்கிறதா என்று பாருங்க. இந்த மூன்றுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் மட்டும். இந்த ஞாயிறு பக்கத்து ஏரிக்கு, இல்லை என்றால் வயல் வரப்புக்கு, வெயில் ஏறும் முன்னால் போங்க. ஒரு கொக்கு போதும், அது எங்கேயும் கிடைக்கும். ஆட்டோவில் மூன்று படம், பிறகு மேனுவலில் மூன்று படம் எடுத்து, திரும்பி வந்து ஹாஸ்டல் லேப்டாப்பில் ஆறையும் வரிசையாக வைத்து ஜூம் செய்து பாருங்க. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் அந்த மெல்லிய கோடு எந்தப் படத்தில் தெரிகிறது என்று தேடுங்க. அது எங்கே முடிகிறது என்று பார்த்து, எந்தக் கொக்கு என்று எங்கள் குழுவுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் படத்தோடு போடுகிறோம்.